ஜெனியின் ஸ்டீல் பல்

என் மகள் யாழினிக்கு ஏழு வயது. இன்று காலை வடலூரில் அவளுடைய கடைவாய்ப் பால்பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டார்கள். இரண்டு முறை ஃபில்லிங் போட்டும் விழுந்து, ஈறு வீங்கிவிட்டது.

"சொத்தை பெருசும்மா. மொதல்லயே பல்லு மேல ஸ்டீல் கேப் போட்டு மூடியிருந்தா, பல்லு தானா விழற வரைக்கும் தாங்கியிருக்கும்" என்றார் டாக்டர்.

ஃபில்லிங் போட்டது ஷீலா. பல் டாக்டர், பக்கத்து குவார்ட்டர்ஸ், என் நெருங்கிய தோழி. "பால்பல்லுதானேடி, அடைச்சா போதும்" என்று சொன்னவள்.

நெய்வேலி திரும்பும் பஸ்ஸில் அவளும் அவள் மகள் ஜெனியும் ஏறினார்கள். யாழினி பஞ்சைக் கடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். அவளைச் சமாதானப்படுத்த ஜெனி வாயைத் திறந்து காட்டினாள். கடைவாயில் பளபளவென்று ஸ்டீல் கேப்.

"எங்கம்மாதான் போட்டாங்க ஆன்ட்டி. வலிக்கவே இல்ல."

"ஏன்டி எங்கிட்ட இதச் சொல்லல?" என்று ஷீலாவிடம் கேட்டேன்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "யாழினி டான்ஸ் ஆடற பொண்ணு, சிரிச்சா கேப் தெரியும்னு நீ ஒத்துக்க மாட்டேன்னு நெனச்சேன்."

கேட்டிருந்தால் தயங்கியிருப்பேனோ என்னவோ. அவள் கேட்கவே இல்லை. என் பதிலையும் அவளே முடிவு செய்துவிட்டாள்.

இறங்கும்போது, "ஐஸ்க்ரீம் குடு, ஸ்ட்ரா போட்டு மட்டும் எதையும் உறிஞ்ச விடாத, ரத்தம் வரும்" என்றாள் அக்கறையாக. நான் யாழினியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

என் தோழியாக இல்லாத நல்ல பல் டாக்டர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். யாழினிக்கு இன்னொரு பல்லிலும் சொத்தை இருக்கிறது.