ஆடி பிறப்பதற்கு முன்

என் மகளுக்குக் கொரோனா தடுப்பூசி போடக் குறித்திருந்த நேரத்தை ரத்து செய்தவன் நான். மருந்து தீர்ந்துவிட்டது என்று அவளிடம் பொய் சொன்னேன். அப்போது அவளுக்கு எட்டாம் மாதம்.

முப்பத்து நான்கு வருடம் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

கர்ப்பிணிகளும் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்திருந்த புதிது. மகள் தரமணியில் உள்ள தன் அலுவலகத்தின் வேலையை மயிலாப்பூரில் எங்கள் வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். குடும்பத்தில் எல்லோருடைய பதிவும் என் கைபேசி எண்ணில்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவளுக்கு நேரம் கிடைத்தது. அந்த வெள்ளிக்கிழமை சீமந்தம். ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் செய்யக் கூடாது. அதற்கு முன் அந்த ஒரு முகூர்த்தம்தான் இருந்தது. ஊசி போட்டால் இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும், காய்ச்சலோடு அவள் ஹோமத்தில் உட்கார முடியாது, சம்பந்தி வீட்டாரிடம் என்ன சொல்வது? என் யோசனை அவ்வளவுதான் ஓடியது.

திங்கட்கிழமை மாலை நான் ரத்து செய்ததை மனைவி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

“அவகிட்ட சொல்லிடுங்கோ.”

“சொன்னா சண்டை போடுவா. நாலு நாள்தானே?”

அவள் அடுக்களைக்குத் திரும்பிப் போனாள்.

மறுநாள் காலை மகள் முகக்கவசத்தோடு வந்து நின்றாள். “கிளம்பலாமாப்பா?”

“ஸ்டாக் இல்லையாம்மா. இப்பதான் மெசேஜ் வந்தது. சீமந்தம் ஆகட்டும், திங்கக்கிழமை நானே அழைச்சுண்டு போறேன்.”

“அப்போ கொரோனாகிட்டயும் நீங்களே சொல்லிடுங்கோ, ஆடி கழிச்சு வரச் சொல்லி” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சீமந்தம் குறையில்லாமல் நடந்தது. இருபத்தைந்து பேர் வந்தார்கள். சாப்பிடும்போதும் புகைப்படத்துக்கு நிற்கும்போதும் முகக்கவசங்கள் கழன்றன. ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காய்ச்சல். அடுத்த வாரம் அடையாறில் ஒரு மருத்துவமனையில் பிராணவாயுவில் இருந்தாள். பத்தாம் நாள் குழந்தையின் இதயத்துடிப்பு நின்றுபோனது. அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. துணியில் சுற்றி என் மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார்கள். மகளுக்கு அதன் முகத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லை. அப்போது அவள் நினைவில்லாமல் கிடந்தாள்.

செவ்வாய்க்கிழமை போட்டிருந்தாலும் ஊசி வெள்ளிக்கிழமைக்குள் பலன் தந்திருக்காது. இது உண்மை. எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தேன். ஆனால் நான் பயந்த அந்தக் காய்ச்சல் வந்திருந்தால் சீமந்தம் நின்றிருக்கும். இருபத்தைந்து பேரும் வந்திருக்க மாட்டார்கள்.

உடம்பு தேறியதும் மகள் தியாகராய நகரில் கணவன் வீட்டுக்குப் போனாள். இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கியது. பரிகாரம்போல ஏதாவது செய்யவேண்டும் என்று, ஆற்றங்கரைக் குடியிருப்புக்குப் பக்கத்திலிருந்த சுகாதார நிலையத்துக்குத் தினமும் போனேன். பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிகளிடம் ஊசி போட்டுக்கொள்ளும்படி பேசுவேன். சிலர் கேட்டார்கள். ஒருநாள் ஒரு பெண் வயிற்றைப் பிடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னா சார், டெய்லி ஊசி ஊசின்னு சொல்லிக்கினு கீற. உன் பொண்ணு மாசமா இருந்தப்போ போட்டியா?”

“இல்லம்மா” என்றேன்.

“பாத்தியாக்கா!” என்று பக்கத்திலிருந்தவளிடம் திரும்பினாள். “இவுரு வூட்டுப் பொண்ணுக்கு வேணாமாம், நமக்கு மட்டும் குத்தணுமாம். வா, போலாம்.”

இருவரும் எழுந்து போய்விட்டார்கள். ஏன் போடவில்லை, பிறகு என்ன ஆயிற்று என்று பின்னாலேயே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பெற்ற மகளிடமே சொல்லாததை அவர்களிடம் எப்படிச் சொல்வது? அதோடு அங்கே போவதை நிறுத்திவிட்டேன்.

அந்த வாரமே மகளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

இனி அவளிடம் பொய் சொல்வதில்லை என்ற முடிவோடு போயிருந்தேன்.

“தெரியும்.”

“நீங்க கிளம்புங்கோப்பா” என்றாள்.

அதன்பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் மனைவி தொலைபேசியில் அழைப்பாள். மாப்பிள்ளைதான் எடுப்பார். “வேலையா இருக்கா மாமி, சொல்றேன்” என்பார், மரியாதையாகத்தான்.

“நீங்க பண்ணினதைச் சொன்னேள், சரி. என்னை ஏன் சேர்த்தேள்?” என்று மனைவி ஒருமுறை கேட்டாள். அவளைப் பற்றி மட்டும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்காவது மகள் இருந்திருப்பாள்.