விடுபட்ட காஞ்சிபுரம்

கல்வராயன் மலையில் எனக்கு எழுதுகிற வேலை. பழங்குடிச் சான்றிதழ் கேட்டு மனு வந்தால் அதிகாரியோடு ஜீப்பில் வீட்டுக்கே போவோம். அவர் விசாரிப்பார், நான் வாக்குமூலம் எழுதுவேன். என்ன சாமி, கல்யாணத்தில் என்ன முறை, செத்தால் எரிப்பதா புதைப்பதா என்று கேள்விகள் இருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ மலையேறி வந்து கேட்டுப்போன கேள்விகள்தான். அவன் போய்விட்டான். கேள்விகள் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை.

அன்று போனது சாமை விதைக்கிற ஒருவர் வீட்டுக்கு. அவர் மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அந்த வாரத்துக்குள் சான்றிதழ் கொடுக்காவிட்டால் இடம் போய்விடும். கல்லூரிக் கடிதத்தை பிளாஸ்டிக் கவரில் போட்டு நெஞ்சோடு பிடித்தபடி அந்தப் பெண் நின்றாள்.

எத்தனை தலைமுறையாக இங்கே இருக்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தாலி கட்டுவதற்கு முன் அவர்கள் சாமி முன்னால் சொல்கிற கதையை ஆரம்பித்துவிட்டார். அண்ணன் தம்பிகள் சாமியைத் தூக்கிக்கொண்டு மலையேறிய கதை.

"நாங்க காஞ்சிபுரத்துலேர்ந்து வந்தவங்க சார். பெரிய வம்சம்ங்க."

அதிகாரி முகம் மாறியது. கீழேயிருந்து வந்தவர் எப்படிப் பழங்குடி ஆவார் என்று முணுமுணுத்தார். அதற்குள் போன் வர, டவர் கிடைக்கிற மேட்டுக்கு நடந்தார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. நாங்கள் முஸ்லிம்கள்; திருக்கோவிலூரில் எங்கள் அத்தாவுக்குப் பாத்திரக்கடை. பள்ளியில் படையெடுப்புப் பாடம் வந்தாலே மொத்த வகுப்பும் திரும்பி என்னைப் பார்க்கும். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வேறு சொந்த ஊர் தெரியாது. ஆனாலும் நான் வந்தவன். இங்கே ஒருவர் வந்தவன் என்று பெருமையாகச் சொல்கிறார், அது கூடாது என்கிறது தாள்.

காஞ்சிபுரத்தை நான் எழுதவில்லை. நினைவு தெரிந்த நாளாக இந்த மலைதான் பூர்வீகம், வேறு ஊர் கிடையாது என்று எழுதினேன். அதிகாரி திரும்பி வந்து படித்தார், அப்படியே தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அவருக்கும் ஒரு பெண் இருக்கிறாள்.

வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். வாசித்தேன். காஞ்சிபுரம் வரவில்லையே என்று அவர் கேட்டார். அது இருந்தால் சான்றிதழ் வராது என்றேன். மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார்.

அந்தப் பெண் இப்போது கள்ளக்குறிச்சியில் நர்ஸ். போன வருஷம் அவள் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். சாமி கும்பிட்டார்கள், மேளம் அடித்தது, தாலியும் கட்டியாயிற்று. கதையை மட்டும் யாரும் சொல்லவில்லை. பந்தியில் என் பக்கம் வந்த அவள் அப்பாவிடம் ஏன் என்று கேட்டேன்.

"இல்லேன்னு எழுதிக் குடுத்துட்டு, சாமி முன்னாடி வேற சொல்லிக்கினு நிக்கலாமாங்க?" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார், இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.

எழுதியவன் நான்.