நான்கு டிரம் தண்ணீரும் ஒரு சிக்னலும்

ஞாயிற்றுக்கிழமை காலை 7.20. கீழ் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை, நடையில் வரிசையாக நின்ற நான்கு நீல டிரம்கள். நான்கிலும் விளிம்பு வரை தண்ணீர்.

ராயபுரத்தில் நான் மாடியில் குடியிருக்கிறேன். கீழே வீட்டுக்காரர் ஃபிலோமினா அம்மாள். மகன் சேவியருக்குக் கப்பலில் வேலை. மருமகள் ஸ்டெல்லாவுக்கு சிசேரியனில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அப்பா இன்னும் முகம் பார்க்கவில்லை.

கப்பல் சிங்கப்பூரில் நின்றிருந்தது. குழந்தையை வீடியோவில் பார்க்க, மாலுமிகள் கிளப்பில் கம்ப்யூட்டர் முன்னால் சேவியர் காத்திருந்தார். நம் நேரப்படி எட்டரைக்கு அங்கிருந்து கப்பலுக்குக் கிளம்பியாக வேண்டும். அடுத்த கரை எப்போதோ! இதற்காகவே கீழ் வீட்டு ஹாலில் வை-ஃபை மோடம் போட்டார்கள். லேப்டாப் என்னுடையது.

சனிக்கிழமை மாலை சோதித்தபோது, ஸ்டெல்லா படுத்திருந்த உள் அறையில் சிக்னல் தாராளமாக வந்தது. இப்போது? ஒரே ஒரு கோடு... அதுவும் வந்து வந்து போனது.

"இன்னா சார், நேத்து நல்லாத்தானே இருந்துச்சு? ராவோட ராவா எவன் தூக்கினு போனான்?" என்றார் ஃபிலோமினா அம்மாள்.

சுவர் அதே சுவர். பீரோ அதே இடம். மாறியது என்ன? நேற்று டிரம்கள் காலி. விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வந்திருந்தது.

முழங்கை நீளக் கனமுள்ள பழைய காலத்துச் சுவரைத் தாண்ட சிக்னல் திணறும். ஹாலிலிருந்து நடை வழியாகத்தான் அது உள் அறைக்குப் போக வேண்டும். அங்கே தண்ணீர் நின்றால் சிக்னலைக் குடித்துவிடும். சுவரும் பீரோவும் தடை என்று மோடத்தோடு வந்த சிறு புத்தகத்தில் இருந்தது. டிரம்மைப் பற்றி ஒரு வரி இல்லை. அதை எழுதியவர் வீட்டில் தினமும் தண்ணீர் வரும் போலிருக்கிறது.

மோடத்தை நகர்த்தலாமா? போன் ஒயர் நீளவில்லை. நிறைந்த டிரம்களைத் தூக்கி நகர்த்தவும் முடியாது. குழந்தையை ஹாலுக்குக் கொண்டுவரலாமே என்றேன்.

"ஞானஸ்நானம் ஆவாத கொயந்த சார். நடையைத் தாண்டக்கூடாது."

"அத்தே, ஒரு நிமிஷம்தானே..." - உள்ளிருந்து ஸ்டெல்லா.

"நீ சும்மா படு. தையல் பிரிஞ்சிடப் போவுது."

ஃபிலோமினா அம்மாள் வாசலுக்குப் போய், தண்ணீரை எடுத்துக்கொள்ளக் குடத்தோடு வரச் சொல்லி எதிர்வீட்டுக்குக் குரல் கொடுத்தார்.

"எங்க வூட்லயும் ரொம்பித்தான் கீது. எங்க ஊத்திக்க சொல்ற?" என்றது எதிர்வீடு.

மணி எட்டைத் தாண்டியது. தெருக்குழாயில் ஒரு குடத்துக்காக ஊரையே எதிர்த்து நிற்பவர் ஃபிலோமினா அம்மாள். சேலையைச் செருகிக்கொண்டு முதல் டிரம்மின் விளிம்பைப் பிடித்தார்.

"பாத்துகினே நின்னா? ஒரு கை புடி சார்."

சரித்தோம். தண்ணீர் நடை வழியாகப் புழக்கடைக்கு ஓடியது. இரண்டாவது, மூன்றாவது...

"அத்தே, தெரியிறாரு!" என்று ஸ்டெல்லா கத்தினாள். "ஆனா வுட்டு வுட்டு வராரு!"

நான்காவதையும் சரித்தோம்.

சேவியர் எட்டரை வரை குழந்தையைப் பார்த்தார். எங்கள் தெருவில் அடுத்து தண்ணீர் வருவது புதன்கிழமை.