அந்தப் புள்ளைக்கு அப்புறம் என்னாச்சு

போன வாரம் மகள் ஒரு தடிமனான நாவல் வாங்கி வந்து கொடுத்தாள். முதல் பக்கத்திலேயே வம்சப் படம். மேலே தாத்தா, அவருக்கு நாலு பிள்ளைகள், கீழே கோடு, கோட்டுக்குக் கீழே இன்னும் பெயர்கள். நான் அஞ்சாவது வரை படித்தவள். விரலை வைத்துத்தான் அந்தக் கோடுகளில் இறங்க வேண்டியிருக்கிறது. நூறு பக்கம் தாண்டுவதற்குள் மூன்று சாவு, இரண்டு பாகப்பிரிவினை. அசந்துபோய் மூடி வைத்துவிட்டேன். வயசானால் நம் வீட்டுச் சாவுகளே போதுமென்று ஆகிவிடுகிறது, இல்லையா?

புத்தகத்தை மோந்து பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. எனக்குப் பழகிய புத்தக வாசம் கோழித் தீவன வாசம். புதுச்சத்திரம் பக்கம் ஒரு பண்ணைக்கு நானும் நங்கையும் முட்டை அடுக்கப் போவோம். நங்கை என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. கட்டிக்கொடுத்த இடத்தில் வாழ முடியாமல் பிறந்த வீட்டுக்கே வந்தவர். எழுத்து தெரியாது. நூலகத்தில் நான் எடுத்து வந்த குடும்பக் கதையை வாசிக்கச் சொல்லிவிட்டு, என் பங்கு முட்டை அட்டைகளையும் அவரே அடுக்குவார். மூன்றாம் ஆள் உள்ளே வந்தால் என் குரல் நின்றுவிடும், அவ்வளவு கூச்சம்.

“அந்தப் பெரியவன் இன்னுமா சாவல? நாலு அட்டை நெறஞ்சு போச்சு அம்மிணி!”

“இழுத்துக்கிட்டுக் கெடக்கறாருங்க நங்கை.”

“ரெண்டு பக்கம் தாண்டிப் படி, செத்திருப்பான்.”

அந்தக் கதையில் ஒரு மகள், புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வருவாள். அண்ணன் தம்பிகள் சொத்தைப் பிரிப்பார்கள். பிறகு அவள் பேச்சே இல்லை. நங்கை விடவில்லை. “அந்தப் புள்ளைக்கு அப்புறம் என்னாச்சு?” தினமும் இதே கேள்வி. ஒருநாள் அவர் முகத்தைப் பார்க்க மாட்டாமல், புத்தகத்தில் இல்லாததை இருப்பது போலவே ராகம் மாறாமல் வாசித்தேன்: அவள் தன் பங்கை விட்டுக்கொடுத்தாள், கூடப்பிறந்தவர்கள் அவளைக் கடைசிவரை கண் கலங்காமல் வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதமே எங்கள் வீட்டில் பாகம் பிரித்தார்கள். பெண்பிள்ளை தனக்குப் பங்கு வேண்டாமென்று பத்திரத்தில் கைநாட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். “கெணத்தோரமா ஒரு துண்டு கேக்கோணும், எனக்குன்னு ஒரு குடிசை போட்டுக்கோணும்” என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த நங்கை, பதிவு ஆபீசுக்குக் கிளம்பும்போது, “எதுக்குக் கேட்டு மனஸ்தாபம்? அந்தப் புள்ளையப் பொறந்தவனுங்க நல்லாத்தானே வச்சிருந்தானுங்க” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. கூச்சம் என்று வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். கிணற்றோரம் எங்கள் பாகத்துக்கு வந்தது.

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு மாதம், கொழுந்தனார் வீட்டில் ஒரு மாதம். துணிப்பையில் நாலு சேலை. “மாசம் பொறந்துருச்சு, வாரேன் அம்மிணி” என்று நடப்பார். நான் புத்தகத்தை எடுத்தால், “கண்ணு அசருது சாமி, அப்புறம் படிக்கலாம்” என்பார்.

பண்ணை இருந்த இடத்தில் இப்போது லாரி பட்டறை. நங்கையும் போய்ச் சேர்ந்துவிட்டார். நேற்று அந்த நாவலை மறுபடி எடுத்து வம்சப் படத்தைப் பார்த்தேன். நாலு பிள்ளைகளில் ஒரு பெயருக்குக் கீழே மட்டும் கோடு இல்லை. பெண் பெயர். அவளைத் தேடியே மிச்சப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். இதுவரை காணோம். அட்டையை அடுக்கிக்கொண்டே கேட்கத்தான் ஆள் இல்லை. கேட்டால் இன்றைக்கு ராகம் போடாமல் சொல்லிவிடுவேன்:

“எழுதலைங்க நங்கை. அப்புறம் அவளைப் பத்தி ஒண்ணுமே எழுதலைங்க.”