நாலாயிரம் முடிச்சுக்காரி

என் வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவள் விரல்களைத்தான் சொல்ல வேண்டும். எங்கள் நெசவுத் தெரு முழுக்க அந்தப் பத்து விரலை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பாவு பிணைக்கிற வேலை. தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு. ஒரு பாவு நெய்து முடிந்ததும், புதுப் பாவின் ஒவ்வொரு நூலையும் பழைய பாவின் நுனியோடு முடிச்சுப் போட்டாக வேண்டும். ஒரு போர்வைப் பாவில் நாலாயிரம் நூல், ஆக நாலாயிரம் முடிச்சு. காலையில் தறிக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் சாயங்காலம் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிச் சொடக்கெடுத்துக்கொண்டு எழுந்து வருவாள்.

தெருவில் அவளுக்கு முடிச்சக்கா என்று பெயர். எனக்கு முடிச்சக்கா வீட்டுக்காரர் என்று பெயர். நானும் முப்பது வருஷமாகத் தறி ஓட்டுகிறேன். எனக்கென்று ஒரு பட்டப்பெயர் வைக்க இதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை.

கைத்தறியெல்லாம் போய் மின்சாரத் தறி வந்தபோது தெருவே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. நானும்தான். இவள் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. கைத்தறிக்கு ஒரு பாவு ஒரு மாதம் வரும். புதுத் தறி அதை ஒரே வாரத்தில் விழுங்கிவிட்டு அடுத்ததற்கு வாயைப் பிளந்தது. நூல் தீர்ந்த தறியெல்லாம் இவளுக்காகக் காத்துக் கிடந்தது. கூப்பிட வந்தவர்களை "பார்க்கலாம்" என்று ஒரு வார்த்தையில் அனுப்பிவைப்பாள். கொஞ்சம் தலைக்கனம்தான். எனக்கு அது பிடித்திருந்தது.

அவளுடைய அண்ணன் சாயப்பட்டறை வைத்திருக்கிறார். எந்நேரமும் முழங்கை வரைக்கும் ஏதாவது ஒரு நிறத்தில் இருப்பார். வாய் ஓயாத மனிதர். தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வருவார். டீ ஆறிப்போகும், பேச்சு ஆறாது. தங்கச்சி என்றால் அவருக்கு உயிர்.

போன வருஷம் என் தறியில் ஒரு போர்வைப் பாவு ஓடியது, மச்சான் சாயம் போட்ட நூல். ஓரத்தில் கறுப்புப் பட்டை, அதை ஒட்டிக் கருநீலப் பட்டை. தறிப் பட்டறைக்குள்ளே வெளிச்சம் குறைவு. ஒன்பது போர்வை இறங்கிய பிறகுதான் வெளியே கொண்டுபோய் விரித்துப் பார்த்தேன். கறுப்புக்குள்ளே நீலக் கோடு, நீலத்துக்குள்ளே கறுப்புக் கோடு. எனக்கு எப்போதும் கோபம் மூக்கு நுனியில். போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகச் சாயப்பட்டறைக்குப் போய், சாயம் போடத் தெரியாவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு வீட்டில் உட்காருங்கள் என்று நாலு பேர் முன்னால் மச்சானைப் பார்த்துக் கத்தினேன். அவர் போர்வையை வாங்கி ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "சரி, என் தப்புதான்" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கமே அவர் வரவில்லை.

ஆத்திரம் அடங்கிய பிறகு போர்வையை மறுபடி விரித்தேன். சாயம் சரியாக ஏறாத நூல் திட்டுத் திட்டாக வெளுத்திருக்கும். இதுவோ ஒன்பது போர்வைக்கும் ஒரே நேர்கோடாக, அழுத்தமான கருநீலம். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. நூல்தான் இடம் மாறியிருந்தது. பிணைத்த கை பிசகியிருந்தது. எங்கள் தொழிலில் இருக்கிறவனுக்கு இது முதல் பார்வையிலேயே தெரிந்திருக்க வேண்டும். நான்தான் பார்க்காமலே கத்தப் போயிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் அவளைக் கவனித்தேன். துணி மடிக்கும்போது என் கறுப்புச் சட்டையையும் நீலச் சட்டையையும் வாசலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கேட்க வாயெடுத்து, பலமுறை மென்று விழுங்கியிருக்கிறேன். தெருவே மெச்சுகிற ஆளிடம், உனக்குக் கண் மங்கிவிட்டது என்று எப்படிச் சொல்வது? மச்சானிடம் போய் மன்னிப்புக் கேட்டாலும் இவளைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும். கேட்காமலே எட்டு மாதம் ஓடியது. அந்த எட்டு மாதமும் எனக்கு என்னை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் பாவு பிணைக்கும் மெஷின் வந்தது. தையல் மெஷின் அளவுதான் இருக்கும். விற்க வந்தவர் எங்கள் நெசவாளர் சங்கத்துப் பட்டறையில் ஓட்டிக் காட்டினார். பழைய பாவையும் புதுப் பாவையும் ஒன்றின்மேல் ஒன்றாக இழுத்துக் கட்டிவிட்டால், மெஷின் பக்கவாட்டில் ஊர்ந்துகொண்டே இதில் ஒரு நூல், அதில் ஒரு நூல் என்று வரிசை தப்பாமல் எடுத்து முடிச்சுப் போடுகிறது. நாலாயிரமும் அரை மணி நேரத்தில் முடிந்தது. அத்தனை பேரும் மெஷினை விட்டுவிட்டு இவளைப் பார்த்தார்கள். இவள் போய் முடிச்சுகளை விரலால் நீவிப் பார்த்தாள். "நல்லாத்தான் போடுது" என்றாள்.

மறுநாள் காலையில் சங்கம் கூடியது. எங்கள் சங்கத் தலைவருக்கு நிதானம் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒரு வாக்கியத்தைத் தொடங்கினாரென்றால் முடிப்பதற்குள் நாம் ஒரு வேலையை முடித்துவிட்டு வந்துவிடலாம். அன்றும் அப்படித்தான் இழுத்து இழுத்துப் பேசினார். முடிச்சக்கா இத்தனை வருஷம் தெருவுக்கு உழைத்திருக்கிறாள், அவள் வயிற்றில் அடிக்கிற மெஷின் நமக்கு வேண்டாம், அவள் இருக்கும் வரைக்கும் அவள் கைதான் என்று முடித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். உண்மையான பாசத்தோடுதான் தட்டினார்கள். நான் மட்டும் அவள் முகத்தைப் பார்த்தேன், ரத்தம் சுண்டிப் போயிருந்தது. அவர்கள் அன்பாகக் கொடுத்தது இன்னும் ஆயிரக்கணக்கான முடிச்சு. நிறம் தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு அவள் அத்தனையும் போட வேண்டும். பிசகினால் பழி மறுபடி வேறொருவர் தலையில் விழும். எதிர்ச் சுவரோரம் மச்சான் உட்கார்ந்திருந்தார்.

அவள் எழுந்து நின்றாள்.

"மெஷினை வாங்குங்க. ரெண்டு வருஷமா எனக்குக் கறுப்பும் கருநீலமும் ஒண்ணாத்தான் தெரியுது. யாருக்கும் சொல்லாம டாக்டர்கிட்ட போனேன். இதுக்கு மேல கெடாதாம், ஆனா போனது திரும்பாதாம். அந்த ஒம்பது போர்வையும் கெட்டது என் முடிச்சால, சாயத்தால இல்ல. எங்க அண்ணன் மேல பழி விழுந்தப்ப நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

அவளே தொடர்ந்தாள்.

"கையால பிணைக்க நிறம் பார்த்து நூலை எடுக்கணும். மெஷினுக்கு நிறம் வேண்டாம், வரிசைதான் வேணும். வரிசை என் விரலுக்குத் தெரியும். எனக்குக் கத்துக்கொடுத்தா நான் ஓட்டுறேன். இனிமே இவளை நம்ப முடியாதுன்னு நினைச்சா, வேற யாருக்காவது கத்துக்கொடுங்க. ஆனா வாங்குங்க."

நிதானம் தன் ஆயுளில் முதல்முறையாக ஒரே மூச்சில் ஒரு வார்த்தை சொன்னார். "வாங்கிடலாம்." அதையும் அக்காதான் ஓட்டுவாள் என்று பின்னால் இருந்து பல குரல் சேர்ந்துகொண்டது.

மெஷின் கதையை முடித்துவிடுகிறேன். அடுத்த மாதமே வந்தது. ஓட்டுவது சுலபம், நூலைப் பரப்பி இழுத்துக் கட்டுவதுதான் வேலை. இரண்டு நூல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் மெஷின் திணறி நிற்கும். இவள் கட்டிய பாவில் அது நிற்பதே அபூர்வம். நிற்பதற்கு முன்னாலேயே விரல் அங்கே போய்ப் பிரித்துவிட்டிருக்கும். ஒரு நாளைக்கு நாலு பட்டறைக்குப் போய்வருகிறாள். கழுத்து வலி போன இடம் தெரியவில்லை. மெஷினை வேறு யாரும் தொட்டால் முறைக்கிறாள். பழைய தலைக்கனம் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது, எனக்கு அதில் பரம திருப்தி.

ஆனால் கூட்டம் முடிந்த அன்று இதையெல்லாம் நினைக்கிற நிலையில் நாங்கள் இல்லை. அவள் பேசி முடித்ததும் மச்சான் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போய்விட்டிருந்தார். அவள் வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள்தான், அசையவில்லை. மெஷின் கிடைத்துவிட்டது, அண்ணன் போய்விட்டார் என்றாள். எனக்கும் அந்தப் போர்வை விஷயம் அப்போதே தெரியும் என்று ஒருவழியாகச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மச்சான். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் பச்சை. நான் ஓடிப்போய், தப்பு என்மேல், தெரிந்தும் மன்னிப்புக் கேட்க வரவில்லை என்று உளறிக் கொட்டினேன். அவர் என்னைத் தாண்டி உள்ளே வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"காலையில அங்கயே நின்னிருந்தா அழுதிருப்பேன், அதான் போயிட்டேன். நான் போட்ட சாயம் எனக்குத் தெரியாதா? தடவிப் பார்த்ததுமே உன் முடிச்சுன்னு தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் எதுக்குண்ணே உங்க தப்புன்னு சொன்னீங்க?"

"உன் பேரு கெட்டுடுமே."

"சரி, வீட்டுக்காவது வந்திருக்கலாமில்ல? எட்டு மாசம்ணே. நீங்க என்னை வெறுத்துட்டீங்கன்னு நினைச்சேன்."

அவர் தலை குனிந்துகொண்டார். "என் வாயைப் பத்தி உனக்குத் தெரியாதா? வந்து உட்கார்ந்தா ரெண்டே நிமிஷத்துல உளறியிருப்பேன். அதான் வரல."

அவள் அந்தப் பச்சைக் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் டீ போட உள்ளே போனேன்.