மூடியிருக்க வேண்டிய கதவு

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் கடுகு என்றுதான் சொல்வார்கள். ஆள் சின்னது, வாயைத் திறந்தால் பொரியும். கருவிலிருக்கும் குழந்தையின் செல்களை வளர்த்து, அவை இரண்டாகப் பிரியும் நேரம் பார்த்து நிறுத்தி, உள்ளே இருக்கும் குரோமோசோம்களை எண்ணுவதுதான் அவள் பிழைப்பு.

அந்த முறை வந்திருந்தது தம்பி மனைவியின் பனிக்குட நீர், குழந்தையின் செல்கள் மிதக்கும் நீர். முதல் குழந்தைக்கு நாற்பத்தாறுக்கு மேல் ஒரு குரோமோசோம் கூடுதலாக இருந்தது. பிறந்து சில வாரங்களில் போய்விட்டது. இந்தக் குழந்தைக்காவது எண்ணிக்கை சரியாக இருக்குமா என்று தெரியாமல் அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

தம்பி போன் செய்துகொண்டே இருந்தான்.

"அக்கா, இன்னும் பிரியலையா?"

"நான் என்ன விறகா பிளக்கிறேன்? முதல்ல உள்ள இருக்கிற இழையெல்லாம் ரெட்டிப்பாகணும். சுருண்டு தடிக்கணும். நடுவுல வரிசையா நிக்கணும். அப்புறம்தான் ஜோடி பிரிஞ்சு ஆளுக்கொரு பக்கமா போகும், இடுப்பு ஒடுங்கி ரெண்டு செல்லாகும்."

"இவ்வளவு வேலையா!"

"உன்னை மாதிரி போனைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்குமா? வைடா!"

வைத்த கையோடு இன்குபேட்டரைத் திறந்தாள். குடுவையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். பிரியப்போகிற செல் தட்டையாக ஒட்டிக்கிடக்காது. உருண்டு, பனித்துளிபோல மினுங்கும். ஒன்றுகூட மினுங்கவில்லை. திட்டிக்கொண்டே திரும்ப வைத்தாள். அடுத்த போன், அடுத்த திறப்பு.

பக்கத்து மேசையில் வேலை பார்த்தவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அன்னைக்கு நான் ஒரு தடவை திறந்ததுக்கு என்னை நார்நாராக் கிழிச்சியேம்மா. உள்ளே சூடு நிலைச்சாத்தானே அது வளரும்? நீ காலையிலிருந்து இதே வேலையா இருக்கே."

யாரைத் திட்டுவது என்று அவளுக்குப் புரியவில்லை. ஊருக்கெல்லாம் சொன்ன உபதேசம் தனக்கு மட்டும் எப்படி மறந்தது? போனை எடுத்துத் தம்பியை அழைத்தாள்.

"தாமதத்துக்குக் காரணம் நான்தான்டா. திறந்து திறந்து பார்த்துக் குளிர விட்டுட்டேன். இனிமே நீயும் கூப்பிடாதே, நானும் பார்க்கமாட்டேன்."

அவன் "சரிக்கா" என்றான். அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அதன்பின் அந்தக் கதவை அவள் தொடவில்லை. பார்க்கும் பொறுப்பைப் பக்கத்து மேசைக்காரரிடம் விட்டுவிட்டு, கழுவின குடுவைகளையே மறுபடி கழுவினாள். ஒருநாள் அவர் தலையைத் தூக்கி, "உருண்டிருக்கும்மா, நிறைய" என்றார்.

மருந்து விட்டுப் பிரிதலைப் பாதியில் நிறுத்தினார்கள். நீர்த்த உப்புக் கரைசலில் செல்களை உப்பவைத்து, கெட்டிப்படுத்தி, கண்ணாடித் துண்டில் சொட்டவிட்டார்கள். சொந்தக்காரர் மாதிரியை எண்ணக்கூடாது என்பது அங்கே வழக்கம். பக்கத்து மேசைக்காரர்தான் எண்ணினார். அவள் அவர் முதுகைப் பார்த்தபடி நின்றாள். மனிதர் ஆமை மாதிரி எண்ணினார். ஒரு செல்லோடு விடாமல் அடுத்தது, அதற்கடுத்தது என்று போய்க்கொண்டே இருந்தார்.

"வாயைத் திறந்து சொல்லித் தொலைங்களேன்!"

"நாற்பத்தாறு. எல்லாத்துலயும் நாற்பத்தாறுதான். டாக்டரும் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும், அப்புறம் வீட்டுக்குச் சொல்லு."

டாக்டர் வந்து பார்த்துக் கையெழுத்திடும்வரை அவள் உட்காரவே இல்லை. பிறகு போன் செய்தாள்.

"சரியா இருக்குடா. போய் அவளைச் சாப்பிடச் சொல்லு."

மறுமுனையில் அழுகை கேட்டது.

"அழுறதுன்னா அவகிட்டப் போய் அழு. எனக்கு இங்கே வேலை கிடக்கு" என்றாள்.

ஆனால் போனை வைக்கவில்லை.