மொட்டை மாடிக்கு வந்த கடல்

பிள்ளைகளே, என் தம்பி தூத்துக்குடியில் ஆழ்கடல் படகு ஓட்டுகிறான். போன தடவை நடுக்கடலில் ஜிபிஎஸ் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, இரண்டு நாள் கரை எவ்வளவு தூரம் என்றே தெரியாமல் அலைந்தார்கள். டீசல் தீர்வதற்குள் வேறொரு படகு கண்ணில் பட்டது. இல்லையென்றால் என்ன ஆகியிருக்குமோ.

அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் ராஜபாளையத்தில் மில் எலக்ட்ரீசியன். பத்தாவதுக்குப் பிறகு ஐடிஐ, அவ்வளவுதான் படிப்பு. இணையத்தில் பார்த்துப் பார்த்து, திரை உடைந்து, ஜிபிஎஸ்ஸும் செத்துப்போன ஒரு பழைய போனில் ஒரு புரோகிராம் ஏற்றினேன். கேமரா மேல் வெல்டிங் கண்ணாடி. மதியம் சூரியன் எவ்வளவு உயரம் போகிறது, எத்தனை மணிக்கு உச்சிக்கு வருகிறது என்று போனே படம் எடுத்து அளக்கும். உயரத்தை வைத்து வடக்கு தெற்கையும், நேரத்தை வைத்து கிழக்கு மேற்கையும் அதுவே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும்.

மறுநாள் படகு கிளம்புகிறது. தம்பி இந்தப் போனை வாங்கிப்போக வந்திருந்தான். கடலில் டவர் கிடைக்காதே என்று சிம்மைக் கழற்றிவிட்டு, நடுவீட்டுக் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை நானே போட்டேன். மொட்டை மாடியில் வைத்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. கடைசியில் போன் புள்ளி வைத்த இடம், கேரளாவையும் தாண்டி அரபிக்கடல்.

"என்னண்ணே, ராஜபாளையத்துக்குக் கடல் வந்தத எங்கிட்டச் சொல்லவே இல்ல? இங்கனயே வலையப் போட்டுருவமா?" என்று தம்பி சிரித்தான்.

"சும்மா கெடலே," என்றேன். இதை நம்பிப் படகைத் திருப்பினால் அதிலிருக்கும் ஆறு பேர் உயிரும் போய்விடும். கணக்கை மூன்று தரம் பார்த்தேன். தப்பே இல்லை.

கீழேயிருந்து என் மனைவி கத்தினாள். "சாப்பிட வாங்க ரெண்டு பேரும். மணி ஒண்ணாச்சு!"

தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "இல்ல மதினி, பன்னெண்டு அம்பதுதான் ஆவுது."

"நம்ம வீட்டுக் கடிகாரம் என்னைக்குய்யா சரியா ஓடுச்சு? மில் பஸ்ஸ விட்ரக் கூடாதுன்னு ஒங்க அண்ணந்தானே பத்து நிமிஷம் கூட்டி வச்சிருக்காக!"

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பூமி நாலு நிமிஷத்தில் ஒரு டிகிரி சுற்றுகிறது. பத்து நிமிஷம் என்றால் இரண்டரை டிகிரி, நம்ம ஊரைத் தூக்கிக் கடலில் போட்டுவிடும். பத்து நிமிஷத்தைக் கழித்தேன். புள்ளி கரையேறி, மலையைத் தாண்டி, ஸ்ரீவில்லிபுத்தூரில் வந்து நின்றது.

"ஆண்டாள் கோயில் வாசல்ல நிக்கோம்ங்குது," என்றான் தம்பி.

"இன்னும் பன்னெண்டு கிலோமீட்டர் தப்புலே. நீ கொண்டு போக வேண்டாம்."

"கடல்ல பன்னெண்டு கிலோமீட்டர் ஒரு தப்பாண்ணே? போன தடவை எம்புட்டுத் தூரம்னே தெரியாமல்லா கெடந்தேன். குடுங்க."

"படகு ஆடுமே?"

"ஆடுனா பத்துத் தடவை எடுத்துப் பாத்துக்கிடுதேன். கரை ஓரத்துல இத நம்ப மாட்டேன், போதுமா?"

போனை அவன் கைக்கடிகாரத்துக்குச் சரி செய்து கொடுத்தேன்.

அவன் போய் இன்றோடு ஒன்பது நாள். ஜிபிஎஸ் ஒழுங்காக ஓடுகிறதோ, என் போனைத்தான் கையில் வைத்திருக்கிறானோ, தெரியாது. மில்லில் சாப்பாட்டு மணி அடித்ததும் வெளியே வந்து அண்ணாந்து பார்க்கிறேன். இங்கே வெயில் காய்கிறது. அங்கே மேகம் போட்டிருந்தால் அந்தப் போனால் ஒன்றும் செய்ய முடியாது.